ஓடுதுல்ல, அப்புறம் என்ன?

"சாலு ஹோ கயா நா சாப், அவுர் க்யா?" வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சுல்ல, இன்னும் என்ன வேணும் என்று கேட்கும் மெக்கானிக்கைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்குத் தலையாட்டிவிட்டுப் பர்ஸை எடுக்கும் நம்மாட்களைப் பார்த்தால் இன்னும் அதிகமாக!

நாக்பூரிலிருந்து மே மாத லீவுக்குப் பழைய சான்ட்ரோவிலோ இண்டிகாவிலோ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி வரை போகிறவர்கள் நாம். கிளம்புமுன் டைமிங் பெல்ட் மாற்றுகிறோம், நல்லது. எப்படி மாட்டினார்கள் என்று யாராவது கேட்கிறோமா?

பி.காம். படித்த எனக்கே புரிகிற கணக்குதான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு வழிவிட வேண்டும். கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வையுங்கள். ஒரு பல் தப்பினால் 18 டிகிரி உதைக்கும். அப்போதும் வண்டி ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் இழுவை போய்விடும். இன்னும் சில பல் தப்பினால் டீசல் எஞ்சின்களிலும் பல பெட்ரோல் எஞ்சின்களிலும் பிஸ்டன் முட்டி வால்வு வளைந்துவிடும். ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

இதில் ஒரு குறுக்கு வழி வேறு. பழைய பெல்ட்டில் பெயிண்டால் கோடு போட்டு, அதைப் புது பெல்ட்டுக்கு மாற்றுவார்கள். பழசே ஒரு பல் தப்பியிருந்தால்? தப்பான ஓப்பனிங் பேலன்ஸைப் புது லெட்ஜரில் ஏற்றுவதற்குப் பெயர் வேலையா?

கம்பெனிக்காரன் இரண்டு சக்கரத்திலும் மார்க் போட்டே கொடுத்திருக்கிறான். பல டீசல்களில் பம்ப் சக்கரத்துக்கும் உண்டு. மேனுவலில் சொன்ன இடத்தில் மார்க்குகளைப் பொருத்தி, தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வரும்படி பெல்ட்டை மாட்ட வேண்டும். டென்ஷனரைச் சரிசெய்தபின், எஞ்சின் ஓடும் திசையிலேயே ஸ்பேனர் போட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். நடுவில் முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். முட்டாமல் சுற்றி, மார்க் எல்லாம் பழையபடி நேருக்கு வந்தால்தான் சாவியைத் தொடலாம்.

"மெக்கானிக்கைச் சந்தேகப்படுறதா?" என்கிறீர்களா? எங்கள் வங்கியில் நூறு ரூபாய் வவுச்சரானாலும் ஒருவர் போட, இன்னொருவர் சரிபார்க்கிறோம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இரண்டு சுற்றுக்குச் சில நிமிடம். கவரை மூடுமுன் பக்கத்தில் நின்று, சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். இந்தி வராவிட்டால் விரலைச் சுற்றிக் காட்டுங்கள் சாமி, புரியும்!