உச்சிக்கு மேல் இடமில்லை



உலகம் சற்றுச் சூடானால் உயர்ந்த மலைகளுக்கு என்ன கேடு வந்துவிடும், அங்கேதான் எப்போதும் குளிராயிற்றே என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மேலே செல்லச் செல்ல, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் காற்றின் வெப்பநிலை குறைகிறது. அப்படியானால் 1 டிகிரி என்பது ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்துக்குச் சமம். காற்று 1 டிகிரி சூடேறினால், முன்பு 3,500 மீட்டரில் இருந்த குளிர் இனி 3,650 மீட்டரில்தான் கிடைக்கும். அக்குளிரை நம்பி வாழும் செடியும் தவளையும் அதைத் தேடி மேலே ஏறவேண்டும். மலையோ கூம்பு போன்றது; ஏற ஏறப் பரப்புக் குறையும். உச்சிக்கு மேல் இடமே இல்லை.

பனிக்கும் இதே கதிதான். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில், பொலிவியா நாட்டின் லா பாஸ் நகருக்கு அருகே சக்கல்தாயா என்ற பனியாறு இருந்தது. 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் பெற்று விளங்கியது. 2009-ஆம் ஆண்டில் அது முற்றிலும் மறைந்துபோயிற்று. பனியாறு உருகத் தொடங்கும்போது ஓடைகளில் முதலில் நீர் பெருகும். அதைக் கண்டு மகிழ்வது, வங்கியில் போட்ட முதலையே எடுத்துச் செலவு செய்துவிட்டு வருமானம் கூடிவிட்டதாக எண்ணுவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் ஓர் உண்மையை மறக்கக் கூடாது. லா பாஸ் நகருக்குப் பனியாறுகள் தரும் நீர், ஆண்டுச் சராசரியில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். மழையற்ற மாதங்களில் இப்பங்கு கூடும். எஞ்சியது மழைநீரே. மலைமேல் பெய்யும் மழையை ஏந்தி வைத்துச் சிறிது சிறிதாக விடுவிப்பவை அங்குள்ள புல்வெளிகளும் சதுப்பு நிலங்களும்.

இவற்றின் சிறப்பை அதே மலைத்தொடரின் வடபகுதியில் நன்கு காணலாம். கொலம்பியா, ஈக்வடார் நாடுகளில் 3,000 மீட்டருக்கு மேல் உள்ள புல்வெளிகளைப் 'பாராமோ' என்கிறார்கள். குளிரில் இலைதழைகள் மெதுவாகவே மட்குவதால் மண் கறுத்து, பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைக்கிறது. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவுக்கு வேண்டிய நீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு சிங்காசா என்ற பாராமோவிலிருந்து வருகிறது. மழை பொய்த்து அங்குள்ள நீர்த்தேக்கம் வற்றியதால், 2024 ஏப்ரலில் அம்மாநகரில் முறைவைத்துக் குடிநீர் விட நேர்ந்தது. ஓராண்டு அந்நிலை நீடித்தது.

வெப்பம் கூடினால் இந்த மண் விரைவாக மட்கும். கரியமில வாயு வெளியேறும். நீரைப் பிடிக்கும் ஆற்றலும் குறையும். போதாக்குறைக்கு மனிதரும் புல்லைக் கொளுத்தி மாடு மேய்க்கிறார்கள், உருளைக்கிழங்குக்காக உழுகிறார்கள்.

நன்மை செய்வதாக எண்ணிச் செய்யும் தவறும் ஒன்று உண்டு. ஈக்வடாரில் பாராமோ புல்வெளிகளில் பைன் மரங்களை நட்டார்கள். ஓடைகளில் வரும் நீர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் அளந்து கண்டார்கள். புல் குறைவாகவே நீரை ஆவியாக்குகிறது; பைன் மரமோ மிகுதியாக ஆவியாக்கிவிடுகிறது. கரியமில வாயுவை உறிஞ்ச மரங்கள் வேண்டாமா என்பீர்கள். வேண்டும், ஆனால் காடு அழிந்த இடத்தில் வேண்டும். புல்வெளியின் ஈரமண்ணே பெரும் கரிச் சேமிப்பு. அதை உலரவிட்டு மரம் வளர்ப்பதில் என்ன லாபம்?

இத்தவறு நமக்கும் புதிதன்று. நீலகிரியின் புல்வெளிகளும் சோலைகளும் இதே பணியைச் செய்பவை. பவானி பிறப்பது அம்மலைகளில்தான். அங்கும் புல்வெளிகளை வெற்று நிலமென்று கருதி, சீகை, தைலம், பைன் ஆகிய அயல்நாட்டு மரங்களைப் பரப்பினோம்.

மறைந்த பனியாற்றை உங்கள் தலைமுறையோ என் தலைமுறையோ மீட்க முடியாது. உலகம் சூடேறுவதைத் தடுக்க எல்லா நாடுகளும் சேர்ந்தே உழைக்கவேண்டும். ஆனால் ஒரு மலையின் புல்லையும் ஈரமண்ணையும் காப்பது அம்மலையைச் சார்ந்து வாழும் மக்களால் ஆகக்கூடியதே. அடுத்த முறை குழாயைத் திறக்கும்போது, இந்த நீர் எந்த மலையிலிருந்து வருகிறது, அங்கே புல் இருக்கிறதா என்று கேட்டறியுங்கள்.