தள்ளிப்போடுவது தீர்வல்ல

கைக்குழந்தைக்கு முட்டையும் நிலக்கடலையும் ஆகாது, ஒவ்வாமை வரும் என்கிற எச்சரிக்கையை வீட்டுப் பெரியவர்களின் அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2000-ஆம் ஆண்டில், ஒவ்வாமைக்கு ஆளாகக்கூடிய குழந்தைகளுக்கு 2 வயது வரை முட்டையையும், 3 வயது வரை நிலக்கடலை, மீன் ஆகியவற்றையும் தவிர்க்கச் சொன்னது. போதிய ஆதாரம் இல்லையென்று 2008-ல் அதைக் கைவிட்டது.

2015-ல் வெளியான லண்டன் ஆய்வு அந்தக் கருத்தையே தலைகீழாக்கியது. கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த, 4 முதல் 11 மாதங்களேயான 640 குழந்தைகள், முன்பரிசோதனைக்குப் பிறகு சேர்க்கப்பட்டனர். நிலக்கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு 5 வயதில் அந்த ஒவ்வாமை இருந்தது. தொடர்ந்து உண்டவர்களில் அது 3.2 சதவீதம்தான்.

நிலக்கடலை விளைச்சலில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் நம் நாட்டின் நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் தாய்ப்பாலுடன் இணை உணவும் பெறுவோர் 45.9 சதவீதம் மட்டுமே. 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது 11.3 சதவீதத்தினருக்குத்தான். வறுமையும் அறியாமையும் ஏற்கெனவே உணவைத் தாமதப்படுத்தும் நாட்டில், ஒவ்வாமை பயமும் சேர்ந்துகொண்டால் பாதிப்பு இரட்டிப்பாகும்.

அரசியலும் தன் பங்குக்குக் குறுக்கே நிற்கிறது. லண்டன் ஆய்வு வெளியான அதே 2015-ல்தான், மத்தியப் பிரதேச அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை அம்மாநில அரசு நிராகரித்தது. சைவமா, அசைவமா என்று நடந்த அந்த விவாதத்தில் குழந்தையின் வயிறு பேசுபொருளாகவே இல்லை. விரும்பாத குடும்பங்களுக்கு முட்டையைத் திணிக்க வேண்டியதில்லை. விரும்பும் குடும்பங்களுக்கு மறுப்பது எந்த வகையில் நியாயம்?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்ற அறிவுரையில் மாற்றம் தேவையில்லை. அதன் பிறகு நன்கு வெந்த முட்டையையும், கஞ்சியில் கரைத்த நிலக்கடலை மாவையும் சிறிதளவில் தொடங்கலாம் என்பதை அங்கன்வாடிப் பணியாளர்கள் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், கூடவே கூடாது. கடுமையான கரப்பானோ, முன்பே ஒவ்வாமையோ உள்ள குழந்தையென்றால் மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

பொட்டல உணவுகளில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி வகுத்தது நல்ல செயல். ஆனால், அந்த எழுத்தைப் படிக்க வாய்ப்பில்லாத தாய்மார்களே அங்கன்வாடியை நம்பி வருகிறார்கள். முட்டை வழங்க மாநிலங்களுக்கு நிதி வேண்டும். அதைப் பட்ஜெட்டில் பேசலாம். இந்த அறிவுரையைக் கொண்டுசேர்க்க, சுகாதார அமைச்சகமும் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமும் இணைந்து அனுப்பும் ஒரு சுற்றறிக்கை போதும்.