தமிழ்த்தாய்க்கு எலப்புள்ளிக்காரர் தந்த மெட்டு

தமிழ்நாட்டில் அரசு விழா எதுவானாலும் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடித்தான் தொடங்குகிறார்கள். மந்திரி முதல் கடைநிலை ஊழியர் வரை எழுந்து நிற்கிறார்கள். 1970-இல் கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது அரசு விழாக்களுக்கென ஏற்கப்பட்ட அந்தப் பாட்டு, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாகவே அறிவிக்கப்பட்டது. அந்தப் பாட்டைப் பற்றிப் பலரும் எண்ணிப் பாராத ஒரு செய்தி உண்டு. அதன் சொல்லைத் தந்தவரும் சரி, மெட்டைத் தந்தவரும் சரி, இருவருமே இன்றைய கேரள மண்ணில் பிறந்தவர்கள்.

தோட்டக் கூலிக்கும், கம்பெனி வேலைக்கும், குமாஸ்தா உத்தியோகத்துக்கும் மலைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் நாம். சிற்றூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும், தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தலைமுறை தலைமுறையாகவே இருந்து வருபவர்களும் நம்மில் உண்டு. "இங்கே நாம் ஒண்டுக்குடித்தனம்தானே, நமக்கெதற்குத் தமிழும் இலக்கியமும்" என்ற ஒரு சோர்வு நம்மவர்களிடம் அடிக்கடி தலைகாட்டுகிறது. அந்தச் சோர்வுக்கு மருந்தாகவே இந்தச் செய்தியை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லைத் தந்தவர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை. 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1891-இல் அவர் வெளியிட்ட 'மனோன்மணீயம்' ஒரு செய்யுள் நாடகம். அதன் தொடக்கத்தில் கடவுள் வாழ்த்தோடு சேர்த்துத் தமிழ்த் தெய்வத்துக்கு அவர் பாடிய வணக்கத்திலிருந்து எடுத்ததே இன்றைய வாழ்த்துப் பாட்டு. 42 வயதிலேயே, 1897-இல், அவர் காலமானார். தம் நாடகத்து வணக்கப் பாட்டு 79 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாநிலத்தையே எழுந்து நிற்க வைக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

மெட்டைத் தந்தவர் எம்.எஸ். விசுவநாதன். பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928 ஜூன் 24 அன்று பிறந்தவர். அப்போது பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. கேரளம் என்ற மாநிலம் 1956 நவம்பர் 1 அன்றுதான் பிறந்தது. வீட்டு மொழி மலையாளம். நான்கு வயதில் தகப்பனாரை இழந்தார். கண்ணூரில் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. நீலகண்ட பாகவதரிடம் சங்கீதம் கற்றார். சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்றதும் அவருடைய இளமை வரலாற்றில் உண்டு.

பிறகு ஜூபிடர் பிக்சர்ஸ் கம்பெனியில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசைக் குழுவுக்கு வேண்டிய சில்லறை வேலைகளைச் செய்துகொண்டே தொழில் பழகினார். பையன் போட்ட மெட்டு ஒன்று பெரியவர் பெயரில் படத்தில் வந்தது என்றும், கம்பெனி சென்னைக்கு மாறியபோது நாயுடுவே முதலாளியிடம் உண்மையை எடுத்துச் சொல்லிப் பையனை ஒப்படைத்தார் என்றும் சொல்வார்கள். கீழே இருப்பவன் உழைப்பு மேலே இருப்பவன் பெயரில் போவது நமக்குத் தெரியாத சங்கதியா? ஆனால் அதைத் தாமே ஒப்புக்கொண்டு சிபாரிசு செய்த நாயுடு போன்ற பெரியவர்கள் அபூர்வம்.

சி.ஆர். சுப்பராமன் 1952-இல் அகாலமாக மறைந்தபோது, அவர் குழுவிலிருந்த விசுவநாதனும் வயலின் வித்வான் டி.கே. ராமமூர்த்தியும் அவர் விட்டுப்போன வேலையை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் 'பணம்' படத்தில் இரட்டையராகப் பெயர் பெற்றார்கள். 1963-இல் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் வந்தது. 1965-இல் பிரிந்தார்கள். அதன் பிறகு விசுவநாதன் தனியாகவே நெடுங்காலம் அரசோச்சினார். தமிழில் மட்டுமல்ல, 'லங்காதகனம்', 'பணிதீராத்த வீடு' போன்ற மலையாளப் படங்களுக்கும் அவர் இட்ட மெட்டுகளைக் கேரளம் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. 2015 ஜூலை 14 அன்று சென்னையில் மறைந்தார்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அவர் எடுத்துக்கொண்டது மோகன ராகம், திஸ்ர தாளம். ஐந்தே சுரங்கள் கொண்ட ராகம். பச்சைக் குழந்தையும் கூடப் பாடலாம். கச்சேரி வித்வான்கள் மட்டும் பாடக்கூடிய சங்கதிகளை அவர் அதில் வைக்கவில்லை. பாட்டைப் பதிவு செய்தபோது பாடியவர்கள் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும். ஒருவர் மதுரையில் பிறந்த சௌராஷ்டிரர். இன்னொருவர் விஜயநகரத்திலிருந்து வந்த தெலுங்கர். ஆக, ஆலப்புழையில் பிறந்தவர் எழுத, எலப்புள்ளிக்காரர் மெட்டமைக்க, சௌராஷ்டிரரும் தெலுங்கரும் பாட, தமிழ்த்தாய்க்கு வாழ்த்து அமைந்தது. மொழி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், அதில் உழைத்தவனுக்குச் சொந்தம் என்பதைத் தவிர வேறென்ன பதில் சொல்ல முடியும்?

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் என்று கருத வேண்டாம். இத்தாலி நாட்டில் வெர்டி என்று ஓர் இசை மேதை இருந்தார். ஆப்பரா என்னும் இசை நாடகத்தில் அவருக்கு நிகரானவர்கள் சிலரே. ஆப்பரா என்றால் வேறொன்றுமில்லை. நம் பழைய சங்கீத நாடகத்துக்கு அண்ணன் முறை. பெரும்பாலும் வசனமும் பாட்டாகவே வரும். வெர்டி 1813-இல் ரோங்கோலே என்ற குக்கிராமத்தில், சத்திரமும் மளிகையும் நடத்திய ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். அப்போது அந்தப் பிரதேசம் நெப்போலியனின் பிரான்சுக்கு உட்பட்டிருந்தது. ஆகவே அவருடைய பெயரையே பிரெஞ்சு மொழியில்தான் பிறப்புப் பதிவேட்டில் எழுதினார்கள். எல்லைப்புறத்தில் பிள்ளை பெற்ற நம்மவர்களுக்கு இது ஒன்றும் விளங்காத விஷயமல்ல.

1832-இல் மிலான் நகரத்து இசைக் கல்லூரியில் சேரப் போனார். வயது கடந்துவிட்டது, பியானோ வாசிக்கும் முறை சரியில்லை, அன்னிய தேசத்தான் என்றெல்லாம் காரணம் காட்டிக் கதவை அடைத்தார்கள். பார்மா நாட்டுப் பிரஜைக்கு மிலான் அன்று அன்னிய தேசம். அதே கல்லூரி இன்று வெர்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இடையிலே மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்துக்குப் பிறகு 1842-இல் அரங்கேறியது 'நபுக்கோ' என்ற நாடகம். அதிலே, பாபிலோனுக்குச் சிறை பிடித்துச் செல்லப்பட்ட யூத மக்கள் நதிக்கரையில் நின்று, விட்டு வந்த தாயகத்தை நினைத்துக் கூட்டமாகப் பாடும் ஒரு பாட்டு உண்டு.

அந்தப் பாட்டுக்காக அன்றே நாடு கொதித்தெழுந்தது என்பது பின்னால் பெருகிய கதை என்று ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் 1901-இல் வெர்டி இறந்து ஒரு மாதம் கழித்து, அவர் உடலை நிரந்தர அடக்கத் தலத்துக்கு எடுத்துச் சென்றபோது, டோஸ்கனினி நடத்த நூற்றுக்கணக்கானவர்கள் அதே பாட்டைப் பாடினார்கள். மிலான் தெருக்களில் இலட்சக்கணக்கானவர்கள் திரண்டு நின்றார்கள். நாடகத்துப் பாட்டு 59 ஆண்டுகளில் நாட்டுப் பாட்டாகிவிட்டது. சட்டம் போட்டு அதை ஆக்கவில்லை; மக்கள் வாய்விட்டுப் பாடிப் பாடி ஆக்கினார்கள். மனோன்மணீயத்து வணக்கப் பாட்டுக்கும் இதே கதிதான். அச்சில் கிடந்த சொல்லுக்கு எலப்புள்ளிக்காரர் மெட்டுக் கொடுத்தார். மெட்டு வந்ததும் பள்ளிப் பிள்ளைகள் அதை வாயிலே ஏற்றிக்கொண்டார்கள்.

பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல் என்றால் இடுக்கி மலைப்பாதை இன்னொரு வாசல். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. இ.எம்.எஸ். மந்திரிசபைக்கு அது மிக முக்கியமான தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் ஆர்மோனியத்தோடு பாட வந்தவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். தமிழ்த் தொழிலாளிக்குத் தமிழ்ப் பாட்டிலேயே அரசியலைச் சொன்னார். ரோசம்மா வென்றார். அந்தப் பாவலரின் குழுவில் பாடி வாசித்து வளர்ந்த தம்பிதான் 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா. 2025 மார்ச்சில் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியவரும் அவரே. அவர் குழுவோடு ஏறி இறங்கிய மேடைகளுக்கு முன்னே கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டவர்கள் நம் பாட்டன்மார், பாட்டிமார்.

இவ்வளவும் பழம்பெருமை. பெருமை பேசுவதோடு நிறுத்திக்கொண்டால் பயன் இல்லை. இன்றைய நிலை என்ன? லயத்து வீடுகளிலும் நகரத்து வாடகை வீடுகளிலும் நம் பிள்ளைகள் விசுவநாதன் மெட்டையும் இளையராஜா மெட்டையும் பிசகாமல் பாடுகிறார்கள். ஆனால் அதே பாட்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறார்கள். கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகிறார்கள். ஊரில் இருக்கும் அப்பத்தாவுக்கு ஒரு வரி எழுதத் தெரியவில்லை. காதிலே தமிழ் இருக்கிறது; கண்ணிலே இல்லை. காதுத் தமிழ் ஒரு தலைமுறை தாங்கும். அதற்கு மேல் தாங்குமா?

"வயிற்றுப்பாட்டுக்கு மலையாளமும் இங்கிலீசும் போதும்" என்று சிலர் சொல்லலாம். மலையாளத்தை நம் பிள்ளைகள் நன்றாகவே கற்க வேண்டும். உண்ணும் சோற்றுக்குச் செய்யும் மரியாதை அது. ஆனால் தமிழ் பிழைப்புக்கு உதவாது என்பது தவறு. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழும் மலையாளமும் அறிந்த கிளார்க் வேலைக்கென்றே கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவிப்புச் செய்ததுண்டு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், தமிழ்ச் சிறுபான்மையினர் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் நாம் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்தது. எழுதத் தெரிந்தவன் இல்லாவிட்டால் உரிமை யாருக்காக? மனு வராத மேஜையில் மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று கேட்க மாட்டார்களா? பிள்ளைகள் சேராத வகுப்புக்கு ஆசிரியர் எதற்கு என்று கேட்டால் நம்மிடம் பதில் உண்டா?

"விசுவநாதன் சென்னைக்குப் போய்த்தானே பெரிய ஆளானார்; எலப்புள்ளிக்கு அதில் என்ன பங்கு" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். அவரை ஆளாக்கியதில் சென்னைக்குப் பங்கு உண்டு, கோயமுத்தூருக்கும் உண்டு. ஆனால் அதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் வேறு. மலையாளம் பேசிய ஒரு பையன், பள்ளிக்கூட உதவியும் இல்லாமல், வேலை செய்த இடத்திலேயே தமிழைக் கற்று, கண்ணதாசன் போன்ற கவிஞர்களோடு நாள்தோறும் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்ற சுரத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். அன்னிய மொழியை உழைத்துத் தன் மொழியாக்கிக்கொண்டவர் அவர். பிறப்பிலேயே கிடைத்த மொழியை உழைப்பின்றி நழுவ விடுகிறவர்கள் நாம். வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமல்ல. பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளி இருந்தால் பிள்ளையைச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் நாளுக்கு அரைமணி நேரம் வீட்டிலேயே எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். தொழிற்சங்க அலுவலகத்திலோ கோயில் மண்டபத்திலோ ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தப் படித்த குமாஸ்தாக்கள் நாலு பேர் முன்வந்தால் போதும். பாடநூல் வாங்கக்கூடப் பணம் வேண்டாம். பிள்ளைக்குத் தெரிந்த பாட்டையே தாளில் எழுதி முன்னே வையுங்கள். வாய்க்குத் தெரிந்ததைக் கண் தானே படித்துக்கொள்ளும். தமிழில் எழுத வேண்டிய ஒரு மனுவைத் தமிழில் எழுதி, அதன் நகலைப் பிள்ளையிடம் காட்டுங்கள்.

ஆலப்புழையில் பிறந்தவர் சொல் தந்தார். எலப்புள்ளியில் பிறந்தவர் மெட்டுத் தந்தார். அவரவர் பங்கை அவரவர் செய்து முடித்துவிட்டார்கள். அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைத் தருவது ஒன்றே பாக்கி. அந்தப் பங்கு கேரளத்தில் வாழும் நம்முடையது.