மாத்திரையைக் குறைக்க விரும்புவோருக்கு

“மாத்திரையை எப்போது நிறுத்தலாம், டாக்டர்?” என்று கேட்பவர்களிடம் மருத்துவர் சிலர் சினம் கொள்வதுண்டு. என் கருத்தில் அது நியாயமான கேள்வி. பிரிட்டனில் நடத்தப்பெற்று 2017ஆம் ஆண்டு வெளியான ‘டைரக்ட்’ ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளைக் கடவாதவர்கள், மருத்துவக் கண்காணிப்பில் உணவைக் கட்டுப்படுத்தி எடையைக் குறைத்தனர். ஓராண்டின் முடிவில் அவர்களுள் 46 விழுக்காட்டினருக்கு மருந்தின்றியே சர்க்கரை நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் இது 86 விழுக்காடு.

நம் வீடுகளிலோ வரிசை தலைகீழாகிவிடுகிறது. மாத்திரை இன்றே நின்றுவிடும். நடைப்பயிற்சி நாளை தொடங்கும். இதனினும் குறைவாகப் பேசப்படும் ஆபத்து ஒன்று உண்டு. சோற்றைப் பாதியாக்கிவிட்டு, கிளிமிபிரைடு மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே தொடர்வோருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் தோன்றக்கூடும். நம் சொற்படி ஒழுங்காக உண்டவரே அவசரப் பிரிவுக்கு வருவதைக் காண வருத்தமாக உள்ளது. உணவை மாற்றுமுன் கூறியிருந்தால், மருந்தளவை அன்றே குறைத்திருப்போம். நாங்களாகக் கேட்காதது எங்கள் தவறுதான்.

இரத்த அழுத்தத்துக்கும் இதுவே வழி. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு யாவும் அக்கணக்கில் சேரும். (இந்துப்பும் உப்பே!)

முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை நிறுத்தவே கூடாது. மற்றவர்கள் அடுத்த முறை வரும்போது, வீட்டில் அளந்த சர்க்கரை, இரத்த அழுத்தக் குறிப்புகளைக் கொண்டுவர வேண்டுகிறேன். வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள்.