பால் பல்தானே!

"பால் பல்தானே சார், விழுந்தா முளைக்கும்." அடுத்த வீட்டுக் குழந்தை விழுந்தப்போ நானும் இதைச் சொல்லியிருக்கேன். நம்ம வீட்டுல நடக்கிறவரைக்கும் சொல்றது சுலபம்.

2023 ஆகஸ்ட், ஒரு ஞாயிறு சாயங்காலம். நாக்பூருக்கு மாற்றலாகி வந்து மூணு மாசம் ஆகியிருந்தது. தங்கமணி சமையலறையில், பெரியவள் டியூஷனில். ஒண்ணே முக்கால் வயசுச் சின்னவனைப் பார்த்துக்க வேண்டியது நான். நான் பார்த்துக்கிட்டிருந்தது செல்போனை. திவான்ல இருந்து குதிச்சவன் டீப்பாய் விளிம்புல வாயை இடிச்சுக்கிட்டான். வாயெல்லாம் ரத்தம். துடைச்சுப் பார்த்தா, மேல் முன்பல் ரெண்டுல ஒண்ணு ஆடுது. இன்னொண்ணு பாதிதான் வெளியே தெரியுது, மீதி ஈறுக்குள்ள போயிருச்சு.

ஓடி வந்த தங்கமணியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "நீ எங்கே போயிருந்தே?" எழுதவே கூச்சமாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பதிவை எழுதுறதே அதுக்காகத்தான்.

அப்புறம் போன் படலம். பாளையங்கோட்டையிலிருந்து அம்மா, "எய்யா, பால் பல்லுதான, விழுந்து மொளச்சிரும்." மாமியார், "பிள்ளையை விட்டுட்டு அவ என்ன பண்ணிட்டிருந்தா மாப்பிள்ளை?" சென்னையிலிருந்து சித்தப்பா, "ஊர்ல இருந்தா நாலு பேர் பார்த்துப்பாங்க, வடக்கே போய்த் தனியா உக்காந்தா இப்படித்தான்." ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவங்களுக்குத் தீர்ப்பு சொல்ல அரை மணி நேரம்கூட ஆகலை. தங்கமணி எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு வார்த்தை பேசலை. அன்னிக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை.

அதுக்கு முன்னாடி, பக்கத்துல திறந்திருந்த ஒரு கிளினிக்குக்கு ஓடினோம். இந்தியிலும் 'தூத் கே தாந்த்'தான், அதே பால் பல். ஆனா "உள்ளே போயிருச்சு"ங்கிறதை இந்தியில சொல்ல வராம கையால குத்திக் காட்டினேன். பார்த்தவர் ரெண்டு பல்லையும் உடனே பிடுங்கிட்டு, பிறகு செயற்கைப் பல் வைக்கலாம்னார். செலவும் சொன்னார். கடன் விண்ணப்பத்தையே ரெண்டு தரம் படிக்கிற புத்தி, "நாளைக்கு வர்றோம்"னு சொல்ல வெச்சது.

மறுநாள் லீவு போட்டு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே குழந்தைகளுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. எக்ஸ்ரே பார்த்த இளம் பெண் டாக்டர் பொறுமையா விளக்கினார். பால் பல்லோட வேருக்குப் பக்கத்துலயே, எலும்புக்குள்ள, நிரந்தரப் பல்லோட மொட்டு வளர்ந்துக்கிட்டிருக்கும். மேலே விழுந்த அடி அதுக்கும் போய்ச் சேரலாம். ஏழு, எட்டு வயசுல முளைக்கிற பல்லுல வெள்ளையோ பழுப்போ திட்டு இருக்கலாம், எனாமல் குறையலாம். ஆக "பால் பல்தானே" பாதி உண்மைதான்.

அதே சமயம், உள்ளே போன பால் பல் பெரும்பாலும் தானா இறங்கிடும். ஆறு மாசம், சில குழந்தைகளுக்கு ஒரு வருஷம். பல் விபத்து மருத்துவர்களோட சர்வதேசச் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் காத்திருக்கத்தான் சொல்லுது. நிறம் மாறினாலும், சீழோ வீக்கமோ இல்லாதவரை அதுக்காகப் பல்லைத் தொட வேண்டாம். ஆனா சொன்ன தேதிகளில் கொண்டுவந்து காட்டணும்.

எங்க பாஷையில எஸ்.எம்.ஏ. கணக்கு! தவணை தவறின கடனை உடனே வாராக்கடன்னு எழுதிட மாட்டோம். 90 நாள் தாண்டுற வரைக்கும் தனியா வெச்சுக் கண் கொத்திப் பாம்பா பார்ப்போம். கண்டுக்காம விட்டாலும் தப்பு, பதறிப்போய் மூடினாலும் தப்பு. பல்லும் அப்படித்தான் :-)

கத்துக்கிட்டதைச் சுருக்கமாச் சொல்றேன், ஊர் விட்டு ஊர் வந்து கைக்குழந்தையோட இருக்கிறவங்களுக்கு உதவும்.

1. முதல்ல தலையைப் பாருங்க. மயக்கம், வாந்தி, அசாதாரணத் தூக்கம் இருந்தா பல் அப்புறம், பெரிய ஆஸ்பத்திரி முதல்ல.

2. எச்சில் கலந்து ரத்தம் அதிகமாத் தெரியும். சுத்தமான ஈரத்துணியால மெதுவா அழுத்திப் பிடிங்க.

3. பல்லை எண்ணுங்க. உடைஞ்ச துண்டு கிடைக்காம, குழந்தை இருமினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி. துண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கலாம்.

4. பால் பல் முழுசா விழுந்துட்டா திரும்பச் சொருகாதீங்க, மொட்டுக்கு ஆபத்து. பெரிய பிள்ளையோட நிரந்தரப் பல்லுன்னா நேர் எதிர். வேரைத் தொடாம எடுத்து, அழுக்கு இருந்தா லேசா அலசி, அதே குழியில வைங்க. முடியலைன்னா பாலில் போட்டுக்கிட்டு உடனே ஓடுங்க, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

5. பிறகு ஈறுல கொப்புளம், வீக்கம், காய்ச்சல் வந்தா அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீங்க.

எங்க கதை? உள்ளே போன பல் அஞ்சாவது மாசம் முழுசா இறங்கிருச்சு. ஆடின பல் சாம்பல் நிறமாகி, இப்போ மஞ்சளா நிக்குது. நிரந்தரப் பல் எப்படி இருக்கும்னு முளைக்கும்போதுதான் தெரியும். அதுவரை கணக்கு திறந்தேதான் இருக்கும்.

இன்னொரு கணக்கும் இருந்தது. "போன் பார்த்துக்கிட்டிருந்தது நான்தான்"னு அம்மாகிட்டயும் மாமியார்கிட்டயும் நான் சொல்ல நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாளும் பழியைச் சுமந்தது தங்கமணி. டாக்டர் ஒருத்தர்கூட "யார் பார்த்துக்கிட்டிருந்தது?"ன்னு கேக்கலை. அவங்க கேட்டது எப்போ விழுந்தான், எதுல இடிச்சான், மயங்கினானா, அவ்வளவுதான். வைத்தியத்துக்குத் தேவையான கேள்விகள் அதுதான்.

குழந்தைன்னா விழும், எத்தனை கண் காவல் இருந்தாலும் விழும். அடுத்த தரம் சொந்தத்துல யாராவது அழுதுகிட்டே போன் பண்ணா, "யார் பார்த்துக்கிட்டிருந்தது?"ன்னு கேக்காதீங்க. "டாக்டர்கிட்ட காட்டியாச்சா? நீ சாப்பிட்டியா?"ன்னு கேளுங்க. தூரத்துல இருக்கிறவங்களால செய்ய முடிஞ்சது அதுதான், அது போதும்.