கோப்பைக்குப் பின் வரும் காசு

2023-ல் இந்தியாவின் முதல்நிலை டென்னிஸ் வீரர் சுமித் நாகலின் வங்கிக் கணக்கில் இருந்தது 900 யூரோ. ஏறக்குறைய 80 ஆயிரம் ரூபாய். பயிற்சியாளர், பயணம், தங்குமிடம் என ஆண்டுச் செலவோ ஒரு கோடியை நெருங்கியது. அவர் இதை வெளியே சொன்ன பிறகு உதவிகள் வந்தன. 2024 ஆஸ்திரேலிய ஓபனில் போட்டித் தரநிலை பெற்ற வீரர் புப்ளிக்கை அவர் வீழ்த்தினார்.

வென்றவரைத் தேடிப் பணம் போகிறது. வெல்லப்போகிறவரைத் தேடிப் போவதில்லை. 1985-ல் சென்னையில் இதற்கு நேர்மாறான முயற்சி நடந்தது. பிரிட்டானியா நிறுவனத்தின் நிதியில், டென்னிஸுக்குப் பேர்போன அமிர்தராஜ் குடும்பம் சிறுவர்களுக்கான பயிற்சி மையத்தைத் தொடங்கியது. அங்கு சேர்ந்த லியாண்டர் பயஸ் 1990-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தையும், 1996-ல் ஒலிம்பிக் வெண்கலத்தையும் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கப் பதினோரு ஆண்டுகள்!

2013 கம்பெனிகள் சட்டம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சிக்குச் செலவிட அனுமதிக்கிறது. தகுதி அடிப்படையில் தேர்வு, வெளிப்படையான கணக்கு, குறைந்தது ஐந்தாண்டு உறுதி ஆகிய மூன்றையும் டென்னிஸ் சங்கம் தரட்டும். நிறுவனங்கள் நிதி தரட்டும். விதைக்கும்போது விலகி நின்றுவிட்டு, அறுவடைக்கு மட்டும் வருவது முறையல்ல.