அறியத்தக்க பெரியோர்: நீதிபதி அன்னா சாண்டி அம்மையார்

1920-களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டம் நடைபெற்றது. பெண்களுக்கு அரசாங்க உத்தியோகம் அளிக்கலாமா என்பதே அங்கு விவாதம். மாதர் உத்தியோகம் பார்ப்பின் இல்லறம் குலையும் என்று கற்றறிந்த பெரியவர் ஒருவர் வாதித்தார். அவருக்கு மறுமொழி கூற ஓர் இளம்பெண் எழுந்தார். அதனை நீதிமன்ற வழக்காகவே பாவித்து, வாதியின் கோரிக்கை யாது, அதற்கு அவர் காட்டும் காரணங்கள் யாவை என வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் தகர்த்தார்.

அவரே அன்னா சாண்டி. 1905-இல் பிறந்து, கேரளப் பெண்களுள் முதலாவதாகச் சட்டப் பட்டம் பெற்றவர். நம் நாகர்கோவில் அன்பர்களுக்கு அவர் அயலாரல்லர். முன்னர் அப்பகுதியும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததன்றோ!

1930-இல் 'ஸ்ரீமதி' என்னும் மாதர் பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டு சட்டசபைத் தேர்தலில் நின்றார்; தோற்றார். கொள்கையை எதிர்க்க இயலாதவர்கள் அவரது ஒழுக்கத்தைப் பழித்தனர். அவரோ அஞ்சி ஒதுங்கவில்லை. 1932-இல் மீண்டும் நின்று வென்றார்.

யாம் பெரிதும் வியப்பது வேறொன்று. திருவிதாங்கூர்ச் சட்டம் பெண்களுக்கு மரண தண்டனையிலிருந்து விலக்கு அளித்திருந்தது. 1935-இல் அம்மையார் அவ்விலக்கைக் கண்டித்து எழுதினார். மரண தண்டனை தகுமா என்பது தனி வழக்கு. ஆயினும், சமவுரிமை கேட்போர் தமக்கு இனிக்கும் சலுகையையும் துறக்கத் துணிவது அரிது.

1937-இல் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அவரை முன்சீபாக நியமித்தார். 1948-இல் மாவட்ட நீதிபதியானார். 1959 பிப்ரவரி 9-ஆம் நாள் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றார். பாரத நாட்டில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதற் பெண்மணி அவரே. 1967 வரை அப்பதவியில் இருந்தார். பின்னர் சட்டக் குழுவிலும் பணியாற்றினார். 1973-இல் தன் வரலாற்றை நூலாக்கினார். 1996-இல் மறைந்தார்.

பத்தனந்திட்டையில் தந்தையொருவர், விஞ்ஞானம் படித்திருந்த தம் மகளைச் சட்டம் படிக்குமாறு தூண்டினார். அன்னா சாண்டியின் வாழ்வே அவருக்கு ஊக்கமளித்ததாம். அம்மகள் பாத்திமா பீவி. 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியானவர், பின்னர் தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்தவர். அன்று அம்மையார் உயிரோடிருந்தார்.